எரேமியா 29:11ஐ மட்டும் சொல்லாமல் அதிகாரம் முழுவதையும் பிரசங்கித்தேன். செய்தது சரியா?

மூன்றாலயம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு சிறிய சேகரத்தில் குருவானவராக இருக்கிறேன். குருப்பட்டம் பெற்று நாலு வருஷம் ஆகிறது. மூன்று ஆலயங்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு ஒரு ஊர், 8 மணிக்கு அடுத்தது, 10 மணிக்குக் கடைசி ஊர். பிரசங்கத்தைப் பற்றி ஒரு குழப்பம், அதைத்தான் இங்கே வைக்கிறேன்.

எங்கள் பக்கம் புது வருஷ ஆராதனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருஷ வாக்குத்தத்த வசனத்தை முன்கூட்டியே தீர்மானித்து ஃப்ளெக்ஸ் அடித்துப் பீடத்துக்குப் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். ஆராதனை முடிந்ததும் தட்டில் வசன அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த வருஷம் கமிட்டி எடுத்த வசனம் எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

நான் அந்த வசனத்தை மட்டும் எடுக்காமல் அதிகாரத்தையே எடுத்தேன். அது எருசலேமிலிருந்து எரேமியா எழுதி, பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கே சிறையிருந்த யூதர்களுக்கு அனுப்பிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி சிறைப்பட்டுப் போனவர்களும் கொண்டுபோகப்பட்ட ஆலயப் பொருள்களும் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். அதற்குப் பிறகு வருகிறது இந்தக் கடிதம். இதில் கர்த்தர் சொல்லும் கணக்கு எழுபது வருஷம். பத்தாம் வசனத்திலேயே இருக்கிறது. அதனால்தான் “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி” என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. அன்றைக்கு அந்தக் கடிதத்தைக் கேட்ட முப்பது வயதுக்காரன் ஊர் திரும்பிப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படிப்பட்டவனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இது என்று பிரசங்கித்தேன்.

ஆராதனை முடிந்து கதவருகே நின்று கைகொடுக்கும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தபடியே, “ஐயா, நல்ல நாளும் அதுவுமா எழுபது வருஷம்னு சொல்லிட்டீங்களே” என்றார். அவர் மகனுக்கு வளைகுடாவில் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, திரும்பி வரவும் வழியில்லை. கமிட்டி செயலாளர் வேறு மாதிரி சொன்னார்: “ஜனங்க ஆறுதலுக்கு வாறாங்க, நீங்க பாடம் நடத்துறீங்க.”

இரண்டு இரவு தூக்கமில்லை. வேதத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பெரியவரின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசகன்

பாஸ்டர், நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நெகேமியா 8:8ஐ எடுத்துப் பாருங்கள். லேவியர் என்கிற ஆலய ஊழியர்கள் நியாயப்பிரமாணப் புஸ்தகத்தைத் “தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்.” பிரசங்கம் என்றால் இந்த மூன்றும்தான். ஜனங்கள் காலையிலிருந்து மத்தியானம்வரை நின்று கேட்டார்கள். அழுதார்கள், பிறகு சந்தோஷமாய்ப் போய்ச் சாப்பிட்டார்கள். ஏன் என்று பன்னிரண்டாம் வசனம் சொல்கிறது. தங்களுக்குச் சொல்லப்பட்டது அவர்களுக்கு விளங்கிற்று.

நான் போகிற சபையில் ரோமர் நிருபத்தை, அதாவது ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தை, அதிகாரம் அதிகாரமாகப் போதிக்கிறார்கள். வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எட்டாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. அதற்கு முன் இருபது வருஷம் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனவன் நான். “விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்” மனப்பாடம். அது எங்கே வருகிறது, யாருக்குச் சொல்லப்பட்டது, பவுல் ஏன் அதை எடுத்து வைக்கிறார் என்று யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. இருபது வருஷம் பசியோடு இருந்திருக்கிறேன் என்பது சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. பின்வாங்காதீர்கள்.

கடலோரத்தி

ஐயா, நான் படித்தவள் இல்லை. என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் கட்டி. அந்த வருஷம் தட்டில் நான் எடுத்த அட்டை ஏசாயா 43:2. “நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்.” ஆறு கீமோ ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஊசி ஏறுகிற நாலு மணி நேரமும் அந்த அட்டை என் உள்ளங்கையில்தான் இருந்தது. வியர்வையில் எழுத்தெல்லாம் கலைந்துபோனது. யாரும் எனக்கு அதிகாரம் விளக்கவில்லை. யாருக்கு எழுதினது என்றும் தெரியாது. கர்த்தர் எனக்குச் சொன்னார், நான் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

படித்தவர்கள் “அது பாபிலோன்காரனுக்குச் சொன்னது, உனக்கு இல்லை” என்று எடுத்துவிட்டால் என்னை மாதிரி ஆட்கள் கையில் என்ன இருக்கும்? விளக்கம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் இருப்பதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

காலை ஆராதனை

கடலோரத்தி அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். அதோடு நேரமும் ஒரு பிரச்சினை. மூன்று ஆலயம் ஓடுகிற ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) 20 நிமிஷத்தில் ஒரு அதிகாரத்தை எப்படி விளக்க முடியும்?

பழைய உபதேசியார்

ஐயரவாளுக்கு வந்தனம். கடலோரத்தி மகளுக்கும் வந்தனம். 38 வருஷம் சபை ஊழியம் பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் தட்டச்சு செய்து தருகிறான், அதனால் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளே, உங்கள் கையிலிருந்ததை யாரும் பிடுங்க முடியாது. அது கர்த்தர் கொடுத்தது. ஆனால் அதே மாதிரி கையில் ஒரு வசனம் கொடுக்கப்பட்ட இன்னொரு தாயைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

என் சபையில் ஒரு பெண். ஏழு வயது மகனுக்கு மூளைக்காய்ச்சல். அந்த வாரம் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், மாற்கு 11:24ஐக் காட்டி, விசுவாசித்தால் அப்படியே ஆகும் என்று தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை ஒன்பதாம் நாள் இறந்தது. அடக்க ஆராதனைக்குப் பிறகு அந்த அம்மா ஆலயத்துக்கு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். வீட்டுக்குப் போனால் திண்ணையில் உட்காரச் சொல்வாள், காபி கொடுப்பாள், ஜெபம் என்று எழுந்தால் உள்ளே போய்விடுவாள். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள்: “என் விசுவாசம் பத்தலன்னுதான பிள்ளை போச்சு?”

என்னிடம் பதில் இல்லை. அதுவரைக்கும் நானும் அட்டைப் பிரசங்கம்தான். ஒரு வசனம், மூன்று குறிப்பு, ஒரு கதை, ஒரு கீர்த்தனை. அன்றைக்கு ராத்திரி வேதத்தைத் திறந்து சங்கீதங்களை வரிசையாக வாசித்தேன். 88ஆம் சங்கீதத்தில் வந்து நின்றேன். நூற்றைம்பதிலும் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போனார்கள் என்பதோடு நின்றுவிடும். மறுநாள் போய் ஜெபம் பண்ணவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அதை மட்டும் சத்தமாக வாசித்தேன். முடித்தபோது அவள் வாசற்படிக்கு வந்து நின்றாள். “இது பைபிள்லயா இருக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். “இன்னொரு தடவை வாசிங்க” என்றாள்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. பிறந்ததிலிருந்து எங்கள் ஆலயத்தில் இருந்தவள். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தச் சங்கீதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் பிரசங்கிக்கவில்லை. பிரசங்கித்திருந்தால், பிள்ளை இறந்த அன்றைக்கே அவள் கையில் ஒரு ஜெபம் இருந்திருக்கும். அது எங்கள் குறை. என் குறை.

அதற்குப் பிறகுதான் புஸ்தகம் புஸ்தகமாகப் பிரசங்கிக்க ஆரம்பித்தேன். நமக்குப் பிடித்த வசனத்தை மட்டும் எடுத்தால் நமக்குப் பிடித்த கர்த்தரைத்தான் ஜனங்களுக்குக் காட்டுவோம். வரிசையாகப் போனால் நாம் தொடப் பயப்படுகிற பகுதி தானாக வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போக முடியாது. பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்காமல் அறிவித்தேன் என்று சொன்னாரே, அதைச் சொல்லிவிட்டுத்தான் மேய்ப்பன் ஒரு சபையை விட்டுப் போக வேண்டும்.

ஐயரவாள், நீங்கள் செய்தது சரி. ஆனால் ஒரு கேள்வி. அனனியா இரண்டு வருஷம் என்று சொன்னபோது எரேமியா முதலில் என்ன சொன்னார் என்று 28ஆம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் பாருங்கள். “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அவருக்கும் சீக்கிரம் திரும்பி வர ஆசைதான். எழுபது வருஷம் என்று சொன்னவருக்கு அதைச் சொல்லச் சந்தோஷமில்லை. உங்கள் சத்தத்தில் அந்த “ஆமென்” இருந்ததா?

மூன்றாலயம்

ஐயா, அந்த ஆறாம் வசனத்தை நான் கவனிக்கவே இல்லை. படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதில் பிறகு எழுதுகிறேன்.

டீச்சரம்மா

ஓய்வுநாள் பள்ளியில் 25 வருஷமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அதிகாரம், புஸ்தகம் என்று பேசுகிறீர்கள். எனக்கு அதற்கு முந்தின கவலை ஒன்று உண்டு. வாசிக்கிற தமிழே பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

நாம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் குழுவாக உட்கார்ந்து செய்து 1871இல் முழு வேதாகமமாக வந்தது. அந்தத் தமிழின் ஓசை எனக்கு உயிர். சாகும்போதும் அதில்தான் கேட்க ஆசை. ஆனால் 150 வருஷத்தில் சொற்கள் இடம் மாறிவிட்டன. போன மாதம் 1 பேதுரு 5:7 மனப்பாட வசனம். “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” எட்டாம் வகுப்புப் பையன் கை தூக்கி, “போலீஸ் விசாரிக்கிற மாதிரியா டீச்சர்?” என்றான். சிரிக்கவில்லை அவன், நிஜமாகவே கேட்டான். இத்தனை நாளும் அந்தப் பிள்ளைக்குக் கர்த்தர் லத்தியோடு வருகிறவராக இருந்திருக்கிறார்.

அவனிடம் கேட்டேன்: “உங்க ஆச்சி உன்னைப் பார்த்து, அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுன்னு சொல்வாங்களா?” “ஆமா டீச்சர்.” “அதுதான் இது.” அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

எபிரெயர் 11:13இல் முற்பிதாக்கள் தங்களை “அந்நியரும் பரதேசிகளும்” என்று அறிக்கையிட்டார்கள் என்று வருகிறது. இன்றைக்குப் பரதேசி என்றால் வசவு. “கிருபாதாரபலி”யை எடுத்துக்கொள்ளுங்கள், பாவத்தைப் போக்கும் பலி என்று எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் புஸ்தகத்தைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டுதான் போனார். பிலிப்பு ரதத்தோடு ஓடிப்போய்க் கேட்டது ஒரே கேள்வி: வாசிக்கிறவைகளின் கருத்து தெரியுமா? “ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்” என்றார் அவர். 20 நிமிஷத்தில் அதிகாரத்தை விளக்க முடியாது என்கிறவர்கள் முதலில் மூன்று சொல்லுக்காவது அர்த்தம் சொல்லட்டும். அதுவே பாதிப் பிரசங்கம்.

தஞ்சை லுத்தரன்

டீச்சரம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழில் இந்தப் புஸ்தகம் எப்படி வந்தது என்பதே பிரசங்கத்தோடு கட்டுண்ட கதை. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்து இறங்கினார். கடற்கரை மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் பழகினார். வந்த ஐந்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாட்டை முடித்துவிட்டார். 1715இல் அச்சில் வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்த நிலையில் 1719இல் காலமானார். வயது 36. அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே கல்லறை இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேறு, பிரசங்கம் வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஜனங்கள் தங்கள் மொழியில் கேட்க வேண்டும், கேட்டதைத் தாங்களே வாசித்துச் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது போதகரின் வாய்ச்சொல் மட்டுமே. 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் குருவானபோது அவர் கையிலும் ஜனங்கள் கையிலும் தமிழ் வேதம் இருந்தது.

மற்றபடி, புஸ்தகம் புஸ்தகமாகப் போவதுதான் வேதப் பிரசங்கம் என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாட அட்டவணை உண்டு. பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம். போதகர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, அட்டவணை தேர்ந்தெடுக்கிறது. உபதேசியார் ஐயா சொன்ன “தானாக வந்து நிற்கும்” என்பது அதிலும் நடக்கிறது.

வேளச்சேரி வாசகன்

லுத்தரன் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அட்டவணையிலும் துண்டு துண்டாகத்தானே வருகிறது? தொடர்ச்சியாகப் போவதின் பலத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் சபைச் சீர்திருத்தவாதி கால்வின். 1538இல் ஈஸ்டர் சமயத்தில் ஜெனீவா நகர சபையார் அவரை வெளியேற்றினார்கள். மூன்று வருஷம் கழித்து, 1541 செப்டம்பரில், அவர்களே வருந்தி அழைத்தார்கள். வந்து பீடத்தில் ஏறினவர் தன்னைத் துரத்தினவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பு எந்தப் பகுதியில் நிறுத்தியிருந்தாரோ அதிலிருந்து தொடர்ந்தார். அந்த மனுஷனுக்குப் பீடம் தன் மனக்குறையைக் கொட்டுகிற இடமாக இல்லை.

இன்னொருவர் கேம்பிரிட்ஜில் 54 வருஷம் ஒரே ஆலயத்தில் இருந்த சார்லஸ் சிமியோன். 1782இல் அவர் வந்தபோது பிடிக்காத சபையார் தங்கள் இருக்கைகளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். வேதத்தில் இருப்பதை வெளியே கொண்டுவருவதே தன் முயற்சி, இருக்கலாம் என்று தனக்குத் தோன்றுவதை உள்ளே திணிப்பதல்ல என்று எழுதினார் அவர். இளம் போதகர்களைத் தன் அறையில் உட்காரவைத்துப் பிரசங்கம் தயாரிக்கவும் கற்றுக்கொடுத்தார்.

தேரிக்காட்டான்

ஜெனீவா, கேம்பிரிட்ஜ் எல்லாம் சரி. நம்ம ஊரில் வசனத்தை வரிசையாகப் பிரசங்கித்தால் என்ன நடக்கும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் பேரும் சபை பேரும் வேண்டாம்.

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த சமயம் எங்கள் சபைக்கு ஒரு ஐயர் வந்தார். பவுலின் கலாத்தியர் நிருபத்தை ஆரம்பித்தார். முதல் வாரம், இரண்டாம் வாரம் எல்லாரும் நல்ல பிரசங்கம் என்றார்கள். மூன்றாம் வாரம் இரண்டாம் அதிகாரம் பதினோராம் வசனம் வந்தது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு எழுந்து போகிறார். பவுல் முகமுகமாய் எதிர்க்கிறார். சாப்பாட்டு விஷயம் என்று பவுல் விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை இது இல்லை என்கிறார்.

எங்கள் ஆலயத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்வது என்பது எழுதாத சட்டம். அசனத்தில், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்தில், எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே அண்டா. ஆனால் முதல் பந்தியில் யார் என்பது ஊருக்கே தெரியும். ஐயர் ஜாதிப் பேர் எதையும் சொல்லவில்லை. வசனத்தை வாசித்தார். பந்தி என்றால் என்ன, எழுந்து போவது என்றால் என்ன என்று விளக்கினார். கடைசியில், “அடுத்த மாசம் நமக்கு அசனம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஆலயத்தில் விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

என் அப்பா இடது பக்கம் கடைசி வரிசையில் உட்கார்கிறவர். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “நம்ம விஷயம் இதுல எழுதியே இருக்குடா” என்றார்.

சில குடும்பங்கள் சங்கக் காணிக்கையை நிறுத்தின. அடுத்த வருஷம் ஐயருக்கு மாறுதல். ஆனால் அந்த அசனத்தில் என் அப்பா முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஐயர் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

எத்தனையோ வருஷ வாக்குத்தத்த வசனங்கள் பார்த்துவிட்டேன். கலாத்தியர் 2:11 ஒரு வருஷமும் ஃப்ளெக்ஸில் வந்ததில்லை, வரப்போவதுமில்லை. எங்கள் வீட்டுக்கு நற்செய்தியாக இருந்தது அந்த வசனம்தான்.

தஞ்சை லுத்தரன்

தம்பி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. இந்தப் புண் பழையது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்காகவே பலர் சபையை விட்டுப் போனார்கள். கடிதம் ஒரே நாளில் வாசிக்கப்பட்டது. ஜனங்களின் மனசை வருஷக்கணக்காக வசனத்தால் உழுதிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சட்டத்தால் ஆகாதது உங்கள் ஐயரின் மூன்றாம் வாரத்தில் ஒரு இலை அளவுக்காவது ஆயிற்று.

அட்டவணையைப் பற்றி நான் சொன்னதில் ஒரு திருத்தம். நேற்று எங்கள் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷம் கலாத்தியர் 2இல் 11 முதல் 14 வரை இல்லை. 15இலிருந்துதான் தொடங்குகிறது.

காலை ஆராதனை

தேரிக்காட்டான் தம்பியின் பதிவைப் படித்த பிறகு நேரத்தைப் பற்றி நான் கேட்டதற்கு நானே பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அந்த ஐயர் நாலே வசனம்தான் எடுத்திருக்கிறார்.

மூன்றாலயம்

ஐயா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாக எழுதாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

பிரசங்கத்தை இன்னொரு தடவை சொல்லப் போகவில்லை. சும்மா உட்கார்ந்தேன். மகனுடைய பாஸ்போர்ட் விவகாரம், வாங்கின கடன், மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனது எல்லாம் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் முருங்கை வைத்திருக்கிறார். புதுக் கன்றுகளும் இருந்தன. “எப்ப ஊன்றுனீங்க?” என்று கேட்டேன். “அவன் வேலை போன மாசந்தான். கையைக் கட்டிக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிக்கும்லா ஐயா” என்றார்.

என் பையில் வேதம் இருந்தது. கேட்டுவிட்டு ஐந்தாம் வசனத்தை வாசித்தேன். “தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” அவர் அம்மாவும் உள்ளிருந்து வந்து நின்றார்கள். அங்கிருந்து பன்னிரண்டாம் வசனம்வரை நிதானமாகப் போனேன். “நீங்கள் கூடிவந்து, என்னைத் தொழுதுகொண்டு, என்னை நோக்கி விண்ணப்பம்பண்ணுவீர்கள், நான் உங்களுக்குச் செவிகொடுப்பேன்” என்று வாசித்ததும் அந்த அம்மா, “அப்ப கர்த்தர் பாபிலோன்லயும் கேட்பாரா?” என்றார்கள். கேட்பார் அம்மா என்றேன். எருசலேமும் ஆலயமும் இல்லாத இடத்தில் கேட்பேன் என்பதுதான் அந்தக் கடிதத்தின் நெஞ்சு. புது வருஷ ஆராதனையில் நான் அந்த இடத்துக்கு வரவே இல்லை. எழுபது வருஷத்தை நிரூபிப்பதிலேயே என் 20 நிமிஷமும் போய்விட்டது. பதினோராம் வசனத்தை ஜனங்கள் தவறாக எடுக்கிறார்கள் என்பதை மறுத்தேன். அதைச் சரியாக எடுத்தால் அது எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. கடலோரத்தி அக்கா, நீங்கள் பயந்த அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன்.

செயலாளரிடமும் பேசினேன். ஃப்ளெக்ஸ் அப்படியே இருக்கட்டும், ஆனால் மூன்று ஞாயிறு எரேமியா 28, 29 இரண்டையும் முழுவதும் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அது முடிந்ததும் எபேசியர் எடுக்க நினைக்கிறேன். மூன்று ஆலயம், வாரத்துக்கு ஒரு அடக்கமாவது வருகிறது. எப்படித் தயாரிப்பது என்று உபதேசியார் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

கடலோரத்தி

ஐயா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு நானும் ஏசாயா 42, 43 இரண்டையும் முழுதாக வாசித்தேன். மகள்தான் கூட உட்கார்ந்து வாசித்தாள். 42 கடைசி வசனத்தில் அவர்களைச் சுற்றித் தீ பற்றி எரிகிறது. எரிந்தும் அவர்கள் உணரவில்லை என்று இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாகத்தான் “பயப்படாதே” என்று வருகிறது, அக்கினியில் நடக்கும்போது வேகாதிருப்பாய் என்று வருகிறது. தீயில் ஏற்கெனவே சுட்டுக்கொண்டவர்களிடம் பேசியிருக்கிறார். பதினாலாம் வசனத்தில் பாபிலோன் என்ற பேரும் இருக்கிறது. ஆறு வருஷம் கையில் வைத்திருந்தேன், எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்த பிறகு அந்த அட்டை எனக்குக் குறைந்துபோகவில்லை ஐயா, கூடியிருக்கிறது.

பழைய உபதேசியார்

சந்தோஷம் மகளே.

ஐயரவாள், நான் செய்தது இதுதான். திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்துப் பகுதியைச் சத்தமாக வாசிப்பேன். வாய்க்குள் முணுமுணுத்தால் போதாது, ஜனங்கள் காதால் கேட்கப்போகிறார்கள், நாமும் காதால் கேட்க வேண்டும். யார் சொன்னது, யாருக்கு, முன்னால் என்ன நடந்தது என்று பார்ப்பேன். விளங்காத சொல்லை நோட்டில் எழுதுவேன். வியாக்கியான புஸ்தகம் அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தால் புஸ்தகத்தில் உள்ளதை ஒப்பிக்கத்தான் முடியும். திங்கட்கிழமையே வசனம் உள்ளே போய்விட்டால் அடக்க வீட்டுக்குப் போகும்போதும் கூடவே வரும். அது தொல்லையாக இருக்காது, உங்களுக்குப் பேச வார்த்தை கொடுக்கும். மூன்று ஆலயத்துக்கும் ஒரே பகுதியை எடுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் மூன்று ஊருக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

எபேசியர் நல்ல தேர்வு. முதல் அதிகாரம் பதினாலாம் வசனத்தில், ஆவியானவர் நம்முடைய சுதந்தரத்தின் “அச்சாரமாயிருக்கிறார்” என்று வரும். அது எனக்கு வந்த வாரம் வியாக்கியானத்தில் என்னென்னவோ போட்டிருந்தது. எங்கள் சபையில் மாட்டுத் தரகர் ஒருவர் உண்டு, எழுத்து வாசனை குறைவு. எதேச்சையாக அவர் வீட்டுக்குப் போனபோது, அண்ணாச்சி, அச்சாரம் கொடுத்தபிறகு மாட்டை வேறு ஒருத்தனுக்கு விற்பீங்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “அச்சாரம் வாங்கியாச்சுன்னா மாடு என் தொழுவத்துல நின்னாலும் அது அவன் மாடுய்யா. நான் புல்லுப் போடுறது அவன் மாட்டுக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமை அதை அப்படியே பீடத்திலிருந்து சொன்னேன். அவர் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

உங்கள் சேகரத்திலும் அந்த மாதிரி ஒருவர் இருப்பார். முந்தின செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.